சனி: ஒன்பது கழிக்கவும்

கோட்டையில், துறைமுகம் பார்த்த கந்தோர்.
சுவர் மணிக்கூடு லண்டனிலிருந்து வந்தது.
அங்கே பூமி கொஞ்சம் கூட இழுக்கும்.
இங்கே இறங்கிய நாளில்
இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தியிருக்கும்.
யாரோ ஊசலின் அடித்திருகைச் சுற்றி
குண்டை மேலே ஏற்றிவிட்டார்கள்.
அந்தப் பிழை தீர்ந்தது. இது வேறு.

நான் இறக்குமதிக் கணக்கு எழுதுகிறவள்.
காலை எட்டுக்கு, றேடியோவின் கடைசி ‘பீப்’பில்
செக்கன் முள் எங்கே நிற்கிறதென்று
பேரேட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்,
ஏழு வாரம்.
திங்கள் சாவி கொடுத்தால் முந்த ஆரம்பிக்கும்.
வியாழன் காலை பதினொன்று முந்தி நிற்கும்.
பிறகு வாங்கியதை மெல்லத் திருப்பிக் கொடுத்து
அடுத்த திங்கள், வரவும் செலவும் நேர்.
இடையில் ஒரு காலையும் நேரில்லை.
(எங்கள் முதலாளியின் ஐந்தொகையும் இப்படித்தான்.)

பல்சக்கரத்தைக் கவ்வும் இரும்புக்கு
நங்கூரம் என்று பெயர்.
யன்னலுக்கு வெளியே உள்ளவை கப்பலை நிறுத்தும்;
இது நிறுத்தும், விடும், நிறுத்தும்.
ஊசல் ஓரத்துக்கு ஒதுங்கும்போது
சக்கரத்தை மயிரிழை பின்னே தள்ளுகிறது.
உற்றுப் பார்த்தால்
செக்கன் முள் ஒவ்வொரு அடியிலும் கூசிப் பின்வாங்கும்.
சக்கரம் சும்மா இருக்குமா?
திருப்பித் தள்ளி
ஊசலை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பும்.
புதுச் சாவியில் அந்தத் தள்ளு பலம்.
வெள்ளியென்றால் அதற்கும் அலுப்பு.

ஒரு வெள்ளி, துவான் சப்ரி ஜும்ஆவுக்குப் போனதும்
பல்லிடுக்கில் தீக்குச்சி செருகி
நங்கூரத்தைக் கழற்றினேன்.
ஊசல் தனியே ஆடியது.
சத்தமில்லை.
கைபேசியை வைத்து எண்ணினேன்:
வீச்சு குறுகக் குறுக
ஆட்டத்தின் நேரம் அப்படியே.
அந்த மணிக்கூட்டில் நான் கண்ட
மிகச் சரியான இருபத்திரண்டு நிமிடம்.
முட்கள் பன்னிரண்டு நாற்பதிலேயே நின்றன.
கீழே ஒரு கொள்கலன் லொறி திரும்ப
தரை அதிர்ந்தது.
பிறகு ஊசலும் நின்றது.

எல்லாவற்றையும் பழையபடி மாட்டி
ஒரு துளி எண்ணெய் விட்டேன்.

“திருத்திட்டீங்களா?”
“இல்லை. எவ்வளவு பிழையெண்டு எழுதிட்டன்.”
கண்ணாடிக் கதவின் உள்பக்கம்
ஏழு வரியில் ஒரு கடதாசி.

சனி, அரை நாள்.
ஹுணுப்பிட்டிக் கோச்சிக்கு
குடையோடு எழும்பியவர் கதவைத் திறந்து வாசித்தார்.
கழித்துப் பார்த்தார்.
திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார்,
ஒன்பது செக்கன்.