ஒளிமேசை

தால்விக் துறைமுகத்து மீன் ஆலையில்
பத்தொன்பது வருடமாக என் வேலை இதுதான்:
கீழிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேசையில்
காட் மீன் துண்டத்தை விரித்து
உள்ளே சுருண்டிருக்கும் புழுவைத் தேடுவது.
இடுக்கியால் ஒரு சுண்டு. அடுத்த துண்டம்.

மெல்லிய வால்பக்கம் எதையும் மறைக்காது.
தடித்த தோள்பக்கம்தான் கள்ளம்.
அங்கே வெளிச்சம் பாலாகிவிடும்;
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும்
வெள்ளைக்குள் வெள்ளை.

ஆகவே மேமோகிராம் படத்தைக் காட்டி
"உங்கள் மார்பு அடர்த்தியானது" என்று
டாக்டர் ஸ்வான்ஹில்தூர் சொன்னபோது
எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
"தோள்பக்கம்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

அக்கா ராக்ன்ஹெய்தூரின் ரத்தத்தில் இருந்த எழுத்துப்பிழை
என்னுடையதிலும் இருந்தது.
அவள் முந்திக்கொண்டாள், எல்லாவற்றிலும் போல.
அதனால் எனக்கு ஆண்டுக்கொரு முறை
அக்குரேரிக்கு நாற்பது நிமிட பஸ்,
எம்ஆர்ஐ.

மோதிரம் கழற்றி, ஹேர்பின் கழற்றி,
குப்புறப் படுத்தேன். மார்புக்கென்று இரண்டு குழிகள்.
யாரும் நசுக்கவில்லை; தொங்க விட்டார்கள்.
கையில் ஒரு ரப்பர் பந்து, பயந்தால் அழுத்த.
"அசையாதீர்கள்" என்றான் ஹாஃப்தோர், வானொலிக் குரலில்.
பிறகு சத்தம்.
டீசலில் தண்ணீர் கலந்த பழைய ட்ராலர் போல
டக் டக் டக், நின்று, ங்ஙீ என்று இழுத்து,
மறுபடி டக்.

ஊசிவழி மருந்து ஏறியது,
முழங்கையில் ஒரு குளிர் ஓடை.
தப்பாக முளைத்த ரத்தக்குழாய்கள் அதை அவசரமாகக் குடிக்குமாம்,
அவசரமாகவே துப்புமாம்.
மேசையில் விளக்கு செய்வதை
இங்கே பசி செய்கிறது.

போன வருடம் இடப்பக்கம் ஏதோ மின்னியது.
ஊசி, பஞ்சு, பதினொரு இரவுகள்.
ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்தப் பதினொன்றை யாரும் திருப்பித் தரவில்லை.
இருந்தும் வந்தேன்.

இந்த முறை போன் வந்தது ஷிஃப்ட் நடுவில்.
கையுறை ஈரம்; தாடைக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டேன்.
வலப்பக்கம். ஆறு மில்லிமீட்டர்.
மேமோகிராமில் இப்போதும் தெரியவில்லை, என்றார்.
ஆறு மில்லிமீட்டர் எவ்வளவென்று எனக்குத் தெரியும்.
இடுக்கியின் வாய் அவ்வளவு திறந்தால் போதும்.

பெல்ட் நிற்கவில்லை.
விளக்கின் மேல் ஒரு துண்டம் காத்திருந்தது.
தோள்பக்கத்தை இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு
அனுப்பினேன்.