பதினோரு இடைவெளி

ரிச்சி தெருவில், சார்ஜர் கடைக்கும்
பழைய மானிட்டர் கடைக்கும் நடுவே
ஆள் ஒருக்களித்து நிற்கிற அகலத்தில் இம்தியாஸின் கடை.
கண்ணாடிப் பலகைமேல் ஒரு சின்னக் கட்டை,
அதில் மூன்றே பொத்தான்.
சிவப்பை அழுத்தினேன்: ஈர சோப்புபோல அடிவரை வழுக்கிப் போனது.
பழுப்பு: வழியில் ஒரு பொடிக்கல் தடுக்கியது.
நீலம்:
யாரோ என் விரலுக்கு நெட்டி முறித்தார்கள்.

"இது வேணாம்மா, கூட இருக்கறவங்க திட்டுவாங்க."
அதற்குள் பத்துத் தடவை அழுத்திவிட்டிருந்தேன்.
இரண்டாயிரத்து நானூறு, பழசு.
என்டர் பொத்தானில் முந்தைய ஆளின் நகக்கீறல்.

சூளைமேட்டில் மூன்றாம் மாடி.
ஒரே அறையைப் பிளைவுட் வைத்து இரண்டாக்கியிருக்கிறார் வீட்டுக்காரர்.
அந்தப் பக்கம் ஜெசிந்தா,
விடிகாலை நாலே முக்காலுக்கு மெட்ரோ பணிமனைக்குக் கிளம்புகிறவள்.
இந்தப் பக்கம் நான்,
மருந்து சோதனைக்கு வருகிறவர்கள்
கையெழுத்துப் போடும் படிவங்களைத் தமிழாக்குகிறவள்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு.
'கூ' என்றால் இரண்டு சொடக்கு.
'க' என்றால் ஒன்றுதான்,
அகரம் சத்தமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.
விரல் இறங்கும்போது முதலில் கொஞ்சம் முரண்டு,
பிறகு சட்டென்று வழிவிடும்.
அந்த இடத்தில்தான் சத்தம், அந்த இடத்தில்தான் எழுத்து.
மிச்சப் பாதி ஆழம் சும்மா.
அடியில் போய் இடிப்பதெல்லாம் என் ஆத்திரம்,
திரைக்கு அது தெரியாது.

'எந்தக் காரணமும் சொல்லாமல்
எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்'
இந்த வரியை மட்டும் நூறு முறையாவது அடித்திருப்பேன்.
அந்தப் பக்கம் அது
யாரோ விடிய விடிய வேர்க்கடலை உடைப்பதுபோல் கேட்குமாம்.
முதல் வாரம் பிளைவுட்டில் தட்டினாள்.
இரண்டாம் வாரம் காதில் பஞ்சு.
பஞ்சுக் காசை நான் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம், பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:
"ராத்திரி ஒன்றரைக்கு ஒரே ஒரு சத்தம்.
அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல.
அப்புறம் அதே சத்தம், சின்னதா.
அவ்வளவையும் அழிச்சிட்டியா?"

ஆமாம்.
அழிக்கிற பொத்தானை அழுத்தினால் ஒரு சொடக்கு,
விட்டால் ஒன்று.
நடுவில் ஒரு பக்கமே போய்விடும்.
அது படிவம் இல்லை.
நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள்,
மேற்கொண்டு கேட்கவில்லை.

ஐப்பசி மழை. எங்கோ டிரான்ஸ்ஃபார்மர் டப்பென்றது.
தெருவே அணைந்தது, பாதி வாக்கியத்தோடு என் திரையும்.
விரல்கள் உடனே நிற்கவில்லை,
அரை வரி இருட்டிலேயே அடித்தன.
கரண்ட் இல்லாமலும் சொடக்கு அப்படியே இருந்தது,
அதே முரண்டு, அதே விடுபடல்.
எழுத்துதான் எங்கும் போய்ச் சேரவில்லை.

ஜெசிந்தா கொசுவை அடித்தபடி எழுந்து வந்தாள்.
"தள்ளு."
அவளுக்கு டைப்பிங் வராது, ஒற்றை விரல்.
போன் வெளிச்சத்தை மேசைமேல் சாய்த்து வைத்து
தேடித் தேடி அடித்தாள்.
சொடக்.
சொடக், சொடக்.
இடைவெளிப் பட்டைக்கு மட்டும் கொஞ்சம் கட்டைக் குரல்,
உள்ளே கம்பி அதிரும்.
நான் அந்தப் பக்கம் போய் அவள் பாயில் உட்கார்ந்து எண்ணினேன்.
பதினோரு இடைவெளி. பன்னிரண்டு சொல்.
எந்த மொழியில் என்றுகூடத் தெரியவில்லை.

பிறகு, வலப்பக்க மூலையில் ஒரு சொடக்கு.
மழை.
கீழே யாரோ வண்டியை மேட்டுக்குத் தள்ளுகிறார்கள்.
மழை.
எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.
பிறகு விரலை எடுத்த சத்தம், சின்னதாக.

மின்விசிறி சுற்றத் தொடங்கியபோது
அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.
"உன் குடைய எடுத்துக்கறேன்" என்றாள்.
திரை திரும்பி வந்து
'சேமிக்காத கோப்பு ஒன்று உள்ளது, மீட்கவா?' என்று கேட்டது.