எட்டாத பந்து

டேட்டன் நகரில் பிப்ரவரி. ஹீட்டர் முனகுகிறது.
இருபது முகப் பகடைக்காக
ஆட்களை எண்ணாக்குவது என் வேலை:
எட்டும் தூரத்துக்கு ஒன்று முதல் ஐந்து,
கை நழுவலுக்குத் தனிக் கணக்கு.

ஷார்ட்ஸ்டாப் டுவேன் வோஸ்கிலுக்கு
நாலு போட்டேன்.
அட்டை வெளியான வாரம் அவரே போனில்.
"சீசன் முழுக்க ஆறே பிழை. எனக்கா நாலு?"

தொடாத பந்தை யாரும்
பிழையென்று எழுதுவதில்லை, சார்.
டார்ப்லி முப்பத்தெட்டு விட்டான்,
பாதிக்கு மேல்
வேறெவனும் போய்ச் சேராத இடத்தில்.
அவனுக்கு ஒன்று.
உங்கள் இடப்பக்கமாக
நூற்றுப் பத்து புல்லுக்குள் ஓடின.
எண்ணினேன்.

மறுமுனையில் ஐஸ் கட்டி
கிளாஸில் இடறும் சத்தம்.

"ஜூனிலேயே முட்டி போய்விட்டது.
கோச்சுக்குத் தெரியாது. மார்லீனுக்கும்."

அப்புறம், வியாபாரம் பேசுகிறவர் போல:
"பகடையில் எது விழுந்தால் பிடிப்பேன்?"
பட்டியலில் விரலை ஓட்டினேன்.
ஏழு வரைக்கும், சார்.
"ஏழு."
நெடுநேரம் ஒன்றுமில்லை.
"ஏப்ரலும் மேயும் மட்டும் எடுத்தால்?"

கட்டி வைத்த ஸ்கோர் தாள்களை
மறுபடி அவிழ்த்தேன்.
லைனில் இருங்கள்,
கொஞ்சம் நேரமாகும்.