ஒருமை இல்லாத சொல்

டார்செஸ்டரில் பனி கொட்டிய மறுநாள்
காருக்கு இடம் வெட்டி அள்ளியவர்
அந்தப் பள்ளத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு
வேலைக்குப் போகலாம்.
யாரும் தொடமாட்டார்கள். எழுதாத சட்டம்.
நீ போட்டுவந்தது கால் ஆடும் நீல நாற்காலி.
அது யாருக்கு என்று கேட்க
வக்கீல் அனுப்பிய படிவத்தில் கட்டமே இல்லை.

சொத்துகள், எட்டாம் பக்கம்.
'உடையவர்' என்று ஒரு பத்தி.
நிரப்ப உட்கார்ந்தால்
உன் மொழி வந்து பேனாவைப் பிடித்துக்கொள்கிறது, ஃபெஸ்டி.

உங்கள் ஐரிஷில்
ஒரு பொருளை உடையதற்கு வினையே கிடையாது.
இருக்கிறது வீடு, என்னண்டை.
இருக்கிறது கார், உன்னண்டை.
இடமும் ஆளும் உருகி ஒட்டிய ஒற்றைச் சொல்.
என்னண்டை என்பதை அகம் என்றது
நீ வாங்கித்தந்த இலக்கணம்.
அன்று சிரித்தேன்:
எங்களுக்கு அது வீடு, அது மனசு,
ஒரு 'காரம்' சேர்த்தால் திமிர்.
நீ உதட்டைப் பிதுக்கினாய்.
"எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை,
நடுவிலிருக்கும் ககரத்தைத் தின்றுவிடுவோம்."
ஆம், என்று சொல்லிக்காட்டினாய்.
எதற்கோ சம்மதிக்கிறாய் என்று நினைத்தேன்.

ஞாயிறுதோறும் காரரோவில் இருக்கும் அக்காவிடம்
போனில் பேசுவாய்.
வீடு இருக்கிறது, ஆன்.
புது அடுப்பு இருக்கிறது, ஆன்.
ஆன் என்றால் எங்களிடம். அல்லது நம்மிடம்.
பிரித்துச் சொல்லும் அவசியம்
உன் மொழிக்கு வந்ததில்லை.
எனக்கோ வாயைத் திறந்தாலே முன்னால் வந்து நிற்கும்,
நாமா, நாங்களா.
பாத்திரம் கழுவியபடி
ஒவ்வொரு ஆனுக்குள்ளும் என்னைத் தேடுவேன்.
கேட்டிருக்கலாம்.
தண்ணீரை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

பசி உங்கள்மேல் ஏறி உட்காரும்.
சளியும் வெட்கமும் அப்படியே.
வருத்தமும்.
என்மேல் என்று நீ சொல்வது
என் காதில் ஓரம் என்றே விழும்.
கடைசி வாரங்களில் எத்தனை தடவை,
ப்ரோன் ஓரம், ப்ரோன் ஓரம்.
வருத்தம் என்மேல்.
மன்னிப்புக்கு உங்களிடம் இருப்பது அவ்வளவுதான், தெரியும்.
தெரிந்தும்
தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய மிளகாயாகத்தான்
அதைப் பார்த்தேன்.

நேற்றிரவு படிவத்தை மூடிவிட்டு
அந்த இலக்கணத்தைத் திறந்தேன்,
எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவெடுக்கத்தான்.
கடைசிப் பக்கங்களில் அட்டவணை.
ஒவ்வொரு சொல்லுக்கும் ஏழு கட்டம்,
நானில் தொடங்கி அவர்களில் முடியும்.
'இடையே' என்பதற்கு மட்டும்
முதல் நான்கும் காலி.
அச்சுப்பிழையோ என்று விளக்கருகே கொண்டுபோனேன்.
நான், நீ, அவன், அவள்,
தனி ஆளுக்கு இடையே என்று
எதுவும் இருக்க முடியாதாம்.
அந்தச் சொல்லுக்கு ஒருமை இல்லை.

அதையும் நீ எப்படி உச்சரிப்பாய் என்று ஞாபகம் வந்தது.
நீ இடையே என்பாய்,
எனக்கு எதிர் என்று கேட்கும்.
எதிர், நீயும் நானும்.
சண்டைக்கு நிற்பதுபோலவும் இருக்கும்,
மேஜைக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்து
ஆறிப்போன தேநீரை
இன்னும் ஊதிக்கொண்டிருப்பது போலவும்.

காலையில் பத்து அங்குலம்.
மண்வாரி என்னிடம், அதில் சந்தேகமில்லை.
தோள் கடுக்க அள்ளி
உன் நாற்காலியைத் தூக்கி நட்டேன்.
என் இடம்.
என்னிடம்.
கீழ்வீட்டு இல்டா ஜன்னலைத் தட்டிக்
கட்டைவிரலை உயர்த்தினாள்.

மேலே வந்து கையுறையைக் கழற்றி
எட்டாம் பக்கத்தின் ஓரத்தில்
'நீல நாற்காலி, ஒன்று' என்று எழுதினேன்.
எதிரே எதுவும் எழுதவில்லை.