இரண்டும் இடது

மூட்டையைப் பிரித்து எறிந்தார்கள்.
என் மடியில் விழுந்தது ஒரு ஜோடி பூட்ஸ்.
இரண்டும் இடது.

மாற்றிக் கேட்டேன்.
கிடங்குக்காரன் சிரித்தான்:
"மிர்திதா மலையில் நேராக நடக்க
வழி எங்கே இருக்கிறது உனக்கு?"

மூன்றாம் நாளே வலது கால் வீங்கியது.
பிப்ரவரியில் ஒரு காலை
கறுத்த விரல்கள் இரண்டு
காலுறையோடு கழன்று வந்தன.
வலிக்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

நொண்டிக்குச் செம்புச் சுரங்கத்தில் என்ன வேலை?
விளக்கறையில் உட்காரவைத்தார்கள்.
இறங்குகிறவனுக்கு எண் சொல்லிக் கொடுக்கவேண்டும்,
ஏறி வருகிறவனிடம் எண் சொல்லி வாங்கவேண்டும்.
அங்கே ஓர் அடுப்பு இருந்தது.
இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.
அடுப்பு இருந்தது.

இருபத்தாறாம் எண் லெஷ் டோடா.
சன்னலில் அவனுடைய கைகளை மட்டும் தெரியும்.
வீட்டுப் பொட்டலம் வரும் நாளில்
ஒரு வெங்காயத்தை உள்ளே உருட்டிவிடுவான்.
"விளக்குக்கு லஞ்சம்."
எனக்கு வந்த பொட்டலங்களை
நான் போர்வைக்குள் தின்றேன்.

நவம்பரில் ஒரு மாலை
பதினோரு ஆணிகள் காலி.
விடியும்வரை ஆணிகளையே பார்த்திருந்தேன்.

மரப்பலகையில் தூக்கி வந்தபோதுதான்
அவன் கால்களைப் பார்த்தேன்.
இரண்டும் வலது.
கத்தியால் முனையைக் கீறி, கந்தல் திணித்து,
முனகாமல்
இரண்டு குளிர்காலம் இறங்கியிருக்கிறான்.

ஒரு சாயங்காலம் குனிந்து பார்த்திருந்தால் போதும்.
ஆளுக்கொரு சரியான ஜோடி.
இருவருமே ஒழுங்காக நடந்து
உள்ளே போயிருப்போம்.
அல்லது
அவன் வேகமாக வெளியே ஓடியிருப்பான்.
அந்த அல்லதுக்குள்
முப்பத்தெட்டு ஆண்டுகளாக நொண்டுகிறேன்.

லெஜாவில் பாதிரியார் சொல்கிறார், ஜெபம் என்று.
நினைவு நாள் மேடையில் சொல்கிறார்கள், நெஞ்சுரம் என்று.
கைதட்டும்போது நானும் தட்டுகிறேன்,
மரியாதைக்கு.
ஜெபித்தவர்கள் அந்தப் பதினோரு பேரில் இருந்தார்கள்.
நெஞ்சுரம் எல்லாம் அவர்களிடம்தான் இருந்தது.
எனக்குத் தலைக்கு வந்தது
இரண்டு விரலோடு போனது,
அவ்வளவுதான்.

மருமகள் பூட்ஸ் வாங்கக் கூட்டிப்போனாள்.
பெட்டியைத் திறந்து
இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
வெகுநேரம் பார்த்தேன்.
கடைக்காரப் பெண்
"ஜோடி சரியாகத்தான் இருக்கிறது, ஐயா" என்றாள்.

"இருக்கிறது" என்றேன்.
வலது முனையில் கொஞ்சம் பஞ்சு
வைத்துத் தரச் சொன்னேன்.