முன்பணம்

வெர்லின் டாக்கெட், வயது அறுபத்தெட்டு.
ஒலிபுகா அறைக்குள் உட்கார்ந்ததும்
தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்தார்.
தாழ்ந்த ஒலிக்கெல்லாம் உடனே கை உயர்ந்தது.
இரண்டாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியதும்
கை மடியிலேயே கிடந்தது,
நான் இன்னும் எதையும் அனுப்பவில்லை என்ற நம்பிக்கையில்.

சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள் என்றார்.
சத்தம் வேறு, சுருதி வேறு;
மரம் அறுக்கும் ஆலையில் நாற்பது வருடம்,
மேல்வாசலை மூடிவிட்டது என்றேன்.
அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை.
நாயை விற்கப்போகிறேன் என்றார்.
"டாட்டி ஊமையாகிவிட்டாள்.
மோப்பம் பிடித்தாலும் வாய் திறப்பதில்லை.
நானூறு டாலர். முன்பணம்கூட வாங்கியாச்சு."

நவம்பர், சனிக்கிழமை இரவு,
மோர்ஹெட்டுக்குத் தெற்கே ஒரு மண்பாதையில்
அவருடைய டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தேன்.
இது என் வேலையில் சேராது.
நாய்கள் இரண்டும் ஓடைக்குள் இறங்கின.

முதலில் குரல் கொடுத்தது டாட்டிதான்:
தகரத்தை ஆணி கீறுவதுபோல,
கீச்சுக்கீச்சென்று, விட்டுவிட்டு.
"கேட்கிறதா?"
"என்ன?"
நான்கு நிமிடம் கழித்துப் பிரையர்,
கிழட்டு ஆண்நாய், அடிவயிற்றிலிருந்து நீட்டி ஓர் ஓலம்.
"பார்த்தீர்களா, என் பையன்தான் முதல்!"
நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

பிறகு இரண்டும் முகடு தாண்டின.
கிட்டத்தில் பிரையரையே அமுக்கிய அந்தக் குரலை
வழிநெடுக ஓக் இலைகள் கொறித்துத் தின்றன.
மேளம் தூரம் போகப் போக
ஜால்ரா தெருமுனையோடு நின்றுவிடும்,
தவிலின் தொப்பி மட்டும் வயலைத் தாண்டும்.
அப்படி, பிரையர் மட்டும் வந்தான்.
அந்தத் தூரத்தில்
எனக்கும் வெர்லினுக்கும் ஒரே காது.

இல்லை, அவருக்குக் கூடுதல்.
கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து,
"ஓட்டம் நின்றுவிட்டது. அண்ணாந்து குரைக்கிறான்.
வேலிக்கு அந்தப் பக்கம், பெரிய சிக்கமோர் மரம்" என்றார்.
எனக்கு அது வெறும் 'ஊ'.

நடந்தோம். முக்கால் மணி நேரம்.
சிக்கமோர்தான்.
முன்னங்கால் இரண்டையும் பட்டையில் ஊன்றி
டாட்டி குரைத்துக்கொண்டிருந்தாள்
என் காது கூச.
வெர்லின் விளக்கை அவள் வாய்மேல் பிடித்தார்.
தாடை திறந்தது, மூடியது, திறந்தது.
பத்தடியில் அவருக்கும் ஏதோ எட்டியிருக்கும்.
ஆனாலும் கையுறையைக் கழற்றி
அவள் தொண்டையில் உள்ளங்கையை வைத்தார்.
எடுக்கவே இல்லை.

உச்சிக்கிளையில் ஒரு ரக்கூனின் மஞ்சள் கண்கள்
எங்களையே பார்த்தபடி இருந்தன.
யாரும் அதைப் பார்க்கவில்லை, பிரையரைத் தவிர.

திரும்பும்போது வெகுநேரம் பேசாமல் ஓட்டினார்.
நெடுஞ்சாலை வெளிச்சம் தெரிந்த பிறகு சொன்னார்:
"முன்பணம் ஐம்பது டாலர்.
அதில் முப்பது செலவாகிவிட்டது."