முலுண்ட் நாக்கா, மூன்றாம் எடைமேடை

லாசல்காவில் ஏற்றும்போது, லாரி போக,
ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது.
என் மேடையில் ஒன்பதாயிரத்து எண்பது.
சிவப்பு எண்கள் இரண்டு தரம் நடுங்கி நின்றன.

"அறுபது கிலோ எங்க போச்சுன்னு
பைக்குலா சேட்டுக்கு நான் என்ன சொல்ல?"
என்றார் நாமக்கல் செங்கோடன்.
கசாரா மலைப்பாதையில் இரண்டு நாள் நெரிசல்,
தார்ப்பாய் முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை.
சத்தியம் செய்வதற்குக் கையை
ஈரத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

சயானில் இரவுக் கல்லூரி, வேதியியல்,
பிறகு ஆக்ட்ராய் ரசீது எழுத வந்தவன் நான்.
எனக்குத் தெரியும் எங்கே போனதென்று.

பாரிஸில் ஒருவன்
பன்னிரண்டு நாள் பாதரசத்தைச் சூடாக்கி
மேலே படிந்த செந்துகளையும்
குடுவையில் குறைந்த காற்றையும்
ஒரே கணக்கில் எழுதினான்.
எரிவதென்றால் ஏதோ கழன்று போவது
என்று ஊரே நம்பிய காலம்.
எரிந்த கந்தகத்தை அவன் நிறுத்துப் பார்த்தான்.
கூடியிருந்தது.
மூச்சும் மெதுவாய் எரிகிற தீதான் என்று
ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி நடுவே உட்காரவைத்து
உருகிய நீரை அளந்தான்.

காலையும் இரவும் குடுவை. பகலெல்லாம் வரி.
ஆமாம், அவனும் வரிக்காரன்.
நகரைச் சுற்றி மதில் எழுப்பி
வாசலுக்கு வாசல் நாக்கா வைத்ததில்
அவன் யோசனையும் உண்டு.
எங்கள் ரசீதின் தலையில் இருக்கும் சொல்லே
அந்த ஊர்ச் சொல்.

அதனாலோ என்னவோ
லாரி ஏறி மேடை குலுங்கும்போதெல்லாம்
அவன் கழுத்து நினைவுக்கு வரும்.
கத்தி விழுமுன்னும் விழுந்த பின்னும்
ஒன்றும் சிந்தாமல் தராசில் வைத்திருந்தால்
ஒரே எண்.
அவன் சொன்ன விதிதான். பிழையே இல்லை.

"உரிச்சா ஒண்ணுமில்லம்பாங்க வெங்காயத்தை.
ஆனா மூச்சு விடும் அண்ணே.
ரெண்டு நாளா உள்ளயே எரிஞ்சு
நீராவியும் காத்துமா வழியெல்லாம் போயிருக்கு."

செங்கோடன் சிரிக்கவில்லை.
"லாசல்காவ் எடையையே போட்டுடுங்க சார்,
என் படியில பிடிப்பான்."
பக்கத்து மேஜை தாண்டேல் கண்ணைக் காட்டினான்,
எழுதேன், யாருக்கு நஷ்டம்.
பின்னால் பதினோரு ஹாரன்கள்.

எண்பதையே எழுதினேன்.
குறிப்புப் பத்தியில், மராத்தியில்,
'ஷ்வாஸ்' என்று எழுதி
முத்திரை குத்தினேன்.

அடுத்த மாதம் அதே லாரி, அதே சரக்கு.
"சேட்டு சீட்டைப் படிச்சுட்டு
நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சான் சார்.
அப்புறம் அறுபதுக்கும் பிடிச்சான்."

சொல்லிக்கொண்டே வண்டியைவிட்டு இறங்கி
மேடைக்கு வெளியே போய் நின்றார்.
எண் எழுபது குறைந்தது.
"என்னைக் கழிச்சே எழுதுங்க" என்றார்.